பெரிய கட்டுமானத் தளத்தில் மண் வெட்டி நிரப்புவதற்குக் கணிதம் உண்மையிலேயே உதவுமா?

உதவும். எனக்கு அதைப் புரியவைத்தவர் ஒரு டிப்பர் ஓட்டுநர்.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கடலோரமாக நீண்டு கிடந்த நிலத்தைச் சமன்படுத்தும் வேலை. தெற்கு முனையில் ஒரு மணல்மேடு. அங்கிருந்து 1 கிலோமீட்டரில் ஓர் உவர்ப்பள்ளம், 1.5-இல் இரண்டாவது மேடு, 2.5-இல் இன்னொரு பள்ளம். மேடு ஒவ்வொன்றிலும் 100 நடை மண். பள்ளம் ஒவ்வொன்றுக்கும் அதே அளவு தேவை. இரண்டாவது மேட்டுக்கு முதல் பள்ளம் அரைக் கிலோமீட்டர்தானே என்று அங்கேயே கொட்டச் சொன்னேன். தெற்கு மேட்டு மண்ணுக்கு மிஞ்சியது கடைசிப் பள்ளம்.

மூன்றாம் நாள் அந்த ஓட்டுநர் கேட்டார்: "சார், நான் மண்ணோடு வடக்கே போகிறேன், அவன் மண்ணோடு தெற்கே வருகிறான். என்ன கணக்கு இது?"

நடை எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கினால், என் கணக்கில் 50 + 250 = 300 நடை-கிலோமீட்டர். தெற்கு மேட்டை முதல் பள்ளத்துக்கும் இரண்டாவது மேட்டைக் கடைசிப் பள்ளத்துக்கும் அனுப்பினால் 100 + 100 = 200. வெட்கமாகத்தான் இருந்தது. மண் ஒரே தரமாக இருந்தால், பாரம் ஏற்றிய இரு லாரிகள் ஒரே பாதையில் எதிரெதிரே கடக்கவே கூடாது.

மண் கொண்டுசெல்லும் இந்தக் கணக்கை 1781-லேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோஞ்சு எழுதிவைத்துவிட்டார். அதை நேரியல் திட்டமிடலாக, அதாவது கட்டுப்பாடுகளுக்குள் மிகக் குறைந்த செலவைக் கண்டுபிடிக்கும் கணித முறையாக, வளர்த்தவர்களில் ஒருவரான சோவியத் கணித அறிஞர் கான்டரோவிச்சுக்கு 1975-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

மேடுகளை வரிசையாகவும் பள்ளங்களைப் பத்தியாகவும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நடைக்கான செலவைப் போட்டால் எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியே மிகக் குறைந்த செலவுள்ள விடையைச் சொல்லிவிடும். சிரமமெல்லாம் அந்தக் கட்டங்களை நிரப்புவதில்தான். வெட்டிய மண் உப்பிப் பெருகும், உருளை ஓடியதும் ஒடுங்கும். களிமண்ணும் மணலும் ஒரே அளவில் உப்புவதில்லை. ஆகவே நடையை எண்ணினால் போதாது, இறுகிய கன அளவுக்கு மாற்ற வேண்டும். சாலைப் படுகைக்கு ஆகாத களிமண்ணா? அந்தக் கட்டத்தில் எட்டாத பெரிய செலவைப் போட்டுவிடுங்கள், சால்வர் அந்த வழியைத் தொடாது. ஐப்பசி மழையில் டிப்பர் புதையும் பாதைக்குத் தனிச் செலவு. லாரி எண்ணிக்கை வேறு கணக்கு: போய்வர 20 நிமிடம், பொக்லைன் மண் அள்ளிப்போட அதில் 4 நிமிடம் என்றால் 5 லாரி, ஆறாவது வரிசையில் நிற்கும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் எங்கள் திட்டம் ஒரு வாரம் காகிதத்திலேயே கிடந்தது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள் அரைக் கிலோமீட்டர் நடையை விடுவார்களா? தூரத்துக்கு ஏற்பக் கூலியை மாற்றிய மறுநாள்தான் லாரிகள் புதிய வழியில் ஓடின.