பழைய போர்ஷே 911: காலையில் டிப்ஸ்டிக்கில் (எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியில்) எண்ணெயே இல்லை, ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். 1984–89-இல் வந்த 911 கரேரா 3.2 மாடலில் எஞ்சின் எண்ணெய் அடியில் இருக்கும் சம்ப்பில் (எண்ணெய்த் தொட்டியில்) தங்குவதில்லை. வலது பின்சக்கரத்துக்குப் பின்னால் தனி டேங்க் இருக்கிறது. வண்டி நிற்கும்போது அந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அதனால் காலையில் குச்சி காய்ந்து வருவது கசிவு அல்ல.

சரியாகப் பார்க்க, முதலில் வண்டியை ஓட்டி எண்ணெயை நன்றாகச் சூடாக்குங்கள், 90 டிகிரி வாக்கில். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். டாஷ்போர்டிலுள்ள எண்ணெய் அளவு முள்ளும் இதே நிலையில்தான் உண்மை சொல்லும். ஓடும்போது அது கீழே விழும், பயப்பட வேண்டாம்.

இந்த வண்டிகளுக்குக் குறைவான எண்ணெயைவிட அதிகமான எண்ணெயால் வரும் தொல்லைதான் அதிகம். மிஞ்சியது பிரீத்தர் ஹோஸ் (ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறும். ஃபில்டர் ஊறிப்போகும், பின்னால் நீலப் புகை மண்டும்.

எண்ணெய் மாற்றும்போது வடிகால் போல்ட் இரண்டு: ஒன்று டேங்கில், ஒன்று எஞ்சின் அடியில். இரண்டையும் திறந்தாலும் முழுதும் வடியாது. எனவே கையேட்டில் உள்ள மொத்த அளவை அப்படியே ஊற்றக் கூடாது. முதலில் 8 லிட்டர், பிறகு சூடாக்கி, அரை லிட்டராகச் சேர்த்துப் பாருங்கள். வடிகால் போல்ட்களின் வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.