விருந்துக்கு வருகிறவர்களுக்குப் பழத்தில் காரமான ஸ்டார்ட்டர் செய்தால் நன்றாக இருக்குமா?

கேள்வி இதுதான்: "வீட்டில் 20 பேருக்கு விருந்து. பஜ்ஜி, கட்லெட், சிக்கன் 65 என்று வழக்கமானதை விட்டுவிட்டு, பழங்களை வைத்து உப்பும் காரமுமாக ஸ்டார்ட்டர் ஏதாவது செய்யலாமா? இல்லை, ஃப்ரூட் சாலட் மாதிரி ஆகிவிடுமா?"

நன்றாகவே இருக்கும், தைரியமாகச் செய்யுங்கள். ஃப்ரூட் சாலட் பயம் நியாயமானதுதான், ஏனென்றால் பல வீடுகளில் நன்றாகப் பழுத்துக் குழைந்த பழத்தை வெட்டி, மேலே சாட் மசாலா தூவி வைத்துவிடுகிறார்கள், அதில் நான்கு துண்டு உள்ளே போனாலே இனிப்பில் வயிறு அடங்கிவிடும், அப்புறம் சோற்றுக்கு யார் உட்காருவார்கள்?

நான் இருப்பது மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அதனால் இரண்டு பக்கத்துச் சமையலும் எங்கள் அடுப்பில் கலந்துதான் வேகும். இங்கே பழத்தில் உப்பும் காரமும் சேர்வது புதுசே இல்லை. சத்யை என்கிற கேரள விருந்தின் இலையில் அன்னாசிப் பச்சடி விழும், மாம்பழம் வந்துவிட்டால் தயிர் சேர்த்துப் புளிசேரிக் குழம்பு வைப்போம், மாங்காய் போட்ட மீன்கறிக்குத் தனி மவுசு. நீங்கள் கேட்பது அதையே சோற்றுக்கு முன்னால், கையில் எடுத்து ஒரே வாயில் போடுகிற அளவில் தருவது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: பழத்தை இனிப்புக்காகச் சேர்க்காதீர்கள், புளிப்புக்காகவும் அதிலுள்ள நீருக்காகவும் சேருங்கள். பொரித்தது, வறுத்தது, எண்ணெய், மிளகாய் என்று நாக்கு காய்ந்துபோகும் இடத்தில் ஒரு துண்டு பழம் அதை நனைத்துவிட வேண்டும், அடுத்த வாய்க்குத் தயார் பண்ண வேண்டும். அதனால் கடையில் முழுசாகப் பழுத்ததை விட்டுவிட்டு, பழுக்க இன்னும் ஒரு நாள் இரண்டு நாள் பாக்கி இருப்பதை எடுங்கள். அழுத்தினால் கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். குத்தும்போது குச்சியில் நிற்கும், வெட்டும்போது சாறு ஓடாது.

உப்பு விஷயம் முக்கியம். என் மாமியார் சமையல்கட்டில் நின்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "மக்ளே, உப்பு இப்பமே போடாதே, வெள்ளம் விட்டிரும்." உப்பு பட்டதும் பழம் தன் நீரை வெளியே விடும், பத்து நிமிடத்தில் தட்டின் அடியில் குளம் கட்டும், மேலே இருக்கிற மசாலா எல்லாம் அதில் கரைந்து போகும். ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு உப்பு தூவினால் போதும். எலுமிச்சைச் சாறு வேறு கணக்கு, ஆப்பிள், கொய்யா மாதிரி வெட்டினால் கறுக்கிற பழங்களுக்கு வெட்டிய கையோடு பிழிந்துவிடலாம்.

சரி, என்ன செய்யலாம் என்று வருவோம். எங்கள் பக்கம் எளிதாகக் கிடைப்பது அன்னாசி. புதிதாக ரப்பர் நட்ட தோட்டங்களில் முதல் மூன்று நான்கு வருடம், மரம் நிழல் கட்டும் வரைக்கும், இடையில் அன்னாசி போடுவார்கள், வடக்கே வாழக்குளத்திலிருந்தும் வரும். அந்த எர்ணாகுளம் மாவட்டத்து அன்னாசிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெரும்பாலும் மொரீஷியஸ் ரகம். இந்தப் பழத்தில் ஒரு சிக்கல் உண்டு. பச்சை அன்னாசியில், அதாவது வேகவைக்காததில், ப்ரோமிலைன் என்று ஒரு நொதி இருக்கிறது, அது புரதத்தைச் சிதைக்கும். கோழியைப் பச்சை அன்னாசிச் சாற்றில் ரொம்ப நேரம் ஊறவைத்தால் கறி கூழாகும், தயிரிலோ பனீரிலோ பச்சையாகச் சேர்த்து வைத்தால் கசப்பு ஏறும். பச்சடிக்கு அன்னாசியை முதலில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, ஆறிய பிறகுதான் தயிர் சேர்க்கிறோம், சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே நீங்களும் துண்டுகளைத் தோசைக்கல்லில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, ஓரம் செம்மண் நிறத்துக்கு வரும் வரை விடுங்கள். சர்க்கரை கருகத் தொடங்கும் வாசனை வந்ததும் இறக்கி, ஒன்றிரண்டாக இடித்த மிளகைத் தூவுங்கள். அதே கல்லில் பனீரை வாட்டி, குச்சியில் ஒரு பனீர், ஒரு அன்னாசி, மேலே ஒரு கறிவேப்பிலை. சைவ விருந்துக்கு இது ஒன்றே நிற்கும்.

இத்தாலியில் முலாம்பழக் கீற்றின் மேல் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியை மெல்லியதாகச் சீவிச் சுற்றிக் கொடுப்பார்கள், கிரேக்கத்தில் வெயில் காலத்தில் தர்பூசணியோடு உப்புப் பாலாடைக்கட்டி. குளிர்ந்த இனிப்புப் பழமும் உப்பேறிய காய்ந்த பண்டமும் ஒன்றையொன்று தூக்கிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நமக்கு உப்பேறிய காய்ந்த பண்டம் எது? கருவாடு! நெத்தோலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றிக் காயவைத்து, மிளகாய்த்தூள் மட்டும் பிரட்டித் தேங்காய் எண்ணெயில் மொறுமொறு என்று பொரித்தெடுங்கள். முலாம்பழத்தைச் சதுரமாக வெட்டி ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, பரிமாறும்போது ஒவ்வொரு துண்டின் மேலும் இரண்டு நெத்தோலி. பழத்துக்கு உப்பே வேண்டாம், மீனில் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதலில் காலியாகும் தட்டு இதுதான், கருவாடு வாசனைக்கு முகம் சுளிக்கிறவர்கள்கூட இதைக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள். முலாம்பழத்தைத் தோலோடு கழுவிவிட்டு வெட்டுங்கள், தோலின் சொரசொரப்பில் இருக்கும் மண்ணையும் அழுக்கையும் கத்திதான் உள்ளே கொண்டுபோகும்.

மாங்காய்க்கு நான் சிபாரிசு செய்வது பப்படம். பெரிய அப்பளம் வேண்டாம், கேரளக் கடைகளில் கிடைக்கும் சின்னப் பப்படத்தைப் பொரித்து எண்ணெய் வடியவிடுங்கள். செங்காய்ப் பருவத்து மாங்காயை, வெளியே பச்சையும் உள்ளே மஞ்சளுமாக இருப்பதை, பயறு அளவுக்குப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். அதோடு பொடியாக அரிந்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), துருவிய தேங்காய், நசுக்கிய காந்தாரி மிளகாய், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். காந்தாரியைப் பார்த்துப் போடுங்கள், பார்க்கப் பொடிசாக இருக்கும், 20 பேருக்கான கலவைக்கே நான்கைந்து தாராளம். இந்தக் கலவையைப் பப்படத்தின் மேல் வைத்தால் நான்கைந்து நிமிடம்தான் மொறுமொறுப்பு நிற்கும், அதனால் பப்படத்தை ஒரு பக்கமும் கலவையைக் கிண்ணத்தில் இன்னொரு பக்கமும் வைத்து, வந்தவர்களையே அள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். பேச்சும் தானாகவே சூடு பிடிக்கும்.

சக்கை, அதாவது பலாப்பழம், கிடைக்கிற காலமென்றால் கட்டாயம் செய்யுங்கள், ஆனால் சுளை இறுக்கமாக இருக்கும் வருக்கைச் சக்கை மட்டும்தான். சுளை குழைவாக இருக்கும் கூழன் ஆகாது, வழுக்கிக்கொண்டு போகும். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சுளையைப் பிரித்து, ஒரு பக்கம் மட்டும் கீறிக் கொட்டையை எடுத்தால் சுளை ஒரு சின்னப் பை மாதிரி நிற்கும். வறுத்த நிலக்கடலையை உப்பு, வற்றல் மிளகாய், ஒரு பல் பூண்டோடு கொரகொரவென்று இடித்து அந்தப் பைக்குள் திணித்து, கல்லில் ஒரு புரட்டுப் புரட்டி எடுங்கள். எடுத்த கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், உப்புப் போட்டு வேகவைத்து, மேல்தோலை உரித்து, மிளகு போட்டு வறுத்தால் அதுவே இன்னொரு தட்டு. வெட்டிய சக்கையை ஃப்ரிட்ஜில் வைத்தால் மூடி இறுக்கமான பாத்திரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் பால், தயிர், முட்டை எல்லாம் சக்கை மணக்கும்.

அப்புறம் பழம்பொரியும் பீஃபும். கேரளத்தில் இப்போது டீக்கடையிலிருந்து பெரிய ஓட்டல் வரை இந்த ஜோடி ஓடுகிறது, அதைச் சின்னதாக்கினால் அருமையான ஸ்டார்ட்டர். மஞ்சளான ஆனால் இறுக்கம் குறையாத நேந்திரம்பழத்தை விரல் அகலத்துக்கு வெட்டி, சர்க்கரை போடாத மாவில் தோய்த்துப் பொரியுங்கள். மேலே தேங்காய்க் கொத்தும் மிளகும் போட்டு நீர் வற்ற வரட்டிய பீஃப் ஒரு துண்டு. வருகிறவர்களில் பீஃப் தின்னாதவர்கள் இருந்தால் இதே மசாலாவில் காளான் வரட்டிக்கொள்ளுங்கள், வேறு கரண்டி, வேறு தட்டு. யார் என்ன தின்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் மரியாதை.

மட்டி வாழைப்பழத்தை இதில் இழுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே பெருமையான பழம், 2023இல் புவிசார் குறியீடும் வாங்கியது, அதன் மணத்தின் மேல் மிளகாயும் பூண்டும் போட எனக்கு மனசு வராது. சாப்பாடு முடிந்ததும் அப்படியே சீப்பாகக் கொண்டுபோய் வையுங்கள். விதை உள்ள திராட்சையும் வேண்டாம், விருந்தில் நாலு பேர் முன்னால் யாரும் விதை துப்ப விரும்பமாட்டார்கள். சாம்பக்காய் (வாட்டர் ஆப்பிள்) கிடைத்தால் விடாதீர்கள்: இனிப்பு குறைவு, நீர் அதிகம், பாதியாக வெட்டினால் நடுவில் குழி இருக்கும், அந்தக் குழியில் தாளித்த சுண்டலை ஒரு ஸ்பூன் வைத்தால் வேலை முடிந்தது. கொய்யாவுக்கு மிளகாய்ப்பொடி உப்பு, அதைப் பள்ளிக்கூட வாசலிலேயே எல்லோரும் கற்றுக்கொண்டதுதான்.

20 பேருக்கு மூன்று வகை போதும், ஆளுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக ஒரு வகையில் 40 துண்டு. பின்னால் சாப்பாடு இருக்கும்போது இதற்கு மேல் கொடுத்தால் சோறு மிஞ்சும். மூன்றில் ஒன்று குளிர்ந்தது, ஒன்று சூடு, ஒன்று வந்தவர்களே சேர்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொண்டால் கடைசி நேரத்தில் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்காது. காலையிலேயே கருவாட்டை அலசிக் காயப்போடலாம், தேங்காய் துருவலாம், கடலை இடிக்கலாம். பழத்தை மட்டும் வெட்டாதீர்கள், ஆட்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெட்டினால் போதும். வெட்டிய பழம் வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்காமல் பாதியை உள்ளே குளிரவைத்து, தட்டு காலியாகக் காலியாக நிரப்புங்கள்.

எந்த மாதத்தில் விருந்து என்று நீங்கள் சொல்லவில்லை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை என்றால் மாங்காய்ப் பப்படம், சக்கை, முலாம்பழம். அது தாண்டிவிட்டால் அன்னாசிப் பனீர், பழம்பொரி, கூடவே சந்தையில் அன்றைக்குச் சாம்பக்காயோ கொய்யாவோ எது நன்றாக இருக்கிறதோ அது.