எக்ஸ்ரேயில் தெரிந்த நிழல்

புற்றுநோய் இல்லை, தங்கச்சி. களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதிய நாலு பக்கத்திலும் நீங்கள் உண்மையில் கேட்டது அதைத்தான். ஏழு மாதப் பிள்ளையின் எக்ஸ்ரேயில் இதயத்துக்கு மேலே படகுப் பாய்போல விரிந்து தெரிவது தைமஸ் சுரப்பி. இந்த வயதில் அது பெரிதாகத்தான் இருக்கும். வளர வளரச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும்.

கூகிளைப் பார்த்துப் பயந்தீர்கள், சரி. எங்கள் வைத்தியர்களே ஒருகாலம் பயந்தார்கள். அமெரிக்காவில் 1950கள் வரை, தைமஸ் பெருத்துவிட்டதென்று சுகமான பிள்ளைகளுக்குக் கதிர் அடித்தார்கள். சிலருக்குப் பின்னாளில் தைரொயிட் புற்றுநோய் வந்ததுதான் மிச்சம். அந்தச் சுரப்பி எதற்கென்பதே, 1961இல் ஜாக் மில்லர் பிறந்த எலிக்குஞ்சுகளில் அதை எடுத்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

எலும்பு மச்சையில் பிறக்கும் கலங்கள் தைமஸுக்குப் போய்த்தான், கிருமிகளோடு சண்டைபிடிக்கும் டி கலங்களாகின்றன. கடும் பரீட்சை. சொந்த உடம்பின் அடையாளத்தைப் பிடிக்கத் தெரியாததும் சாகும், சொந்த உடம்பையே தாக்கப் பார்ப்பதும் சாகும். நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. புதிதாக ஒரு தடிமன் கிருமி வந்தால், அதற்குப் பொருந்துகிற ஒருசில கலங்கள்தான் பெருகிப் படையாக வேண்டும்; அதற்குச் சில நாள் பிடிக்கும். அவன் கழுத்தில் உங்களுக்குத் தட்டுப்படும் பயறளவு கட்டி அந்த வேலை நடக்கிற இடம். அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது கடைசிப் பக்கத்தில். மூத்தவனுக்கு எழுதிக்கொடுத்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மாத்திரையில் மிச்சத்தைக் கரண்டியால் நசித்து இவனுக்குக் கொடுத்தீர்களே! அது தைமஸைச் சுருக்கும், டி கலங்களைக் குறைக்கும். இரண்டு நாளோடு நிறுத்தினீர்கள், தப்பினான். கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். வெளிச்சத்தில் பிள்ளையின் வாயைத் திறந்து, நாக்கையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளையாக இருப்பது பால் என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். போகாமல் ஒட்டிக்கொண்டு, மருந்து பூசியும் திரும்பத் திரும்ப வந்து, கிளினிக் கொப்பியில் நிறைக்கோடும் ஏறாமல் படுத்துவிட்டால், டி கலங்கள் குறைவோ என்று பார்த்தே ஆகவேண்டும். அன்றைக்கே பிள்ளையையும் கொப்பியையும் கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பிள்ளை வைத்தியரிடம் போங்கள். முதலில் பார்ப்பது சாதாரண இரத்தப் பரிசோதனை, அதில் லிம்போசைட் எண்ணிக்கை; டி கலங்களும் சேர்ந்த வெள்ளைக் கலங்கள் அவை. முடிவு தெரியும்வரை எம்எம்ஆர் போன்ற, உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி வேண்டாம்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால் 9 மாதத்தில் போடும் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். மிச்ச மாத்திரையைக் கண்ணில் படாமல் எறியுங்கள்.