எச்7-இல் பிஷப் பலி: ஒரு முறை வென்றது, மறுமுறை ஏன் தோற்றது?

கேள்வி: பாலக்கோடு அருகே ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சதுரங்கம் எனக்கு ஓரளவுதான் தெரியும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக்குள் நடந்த ஆட்டத்தில் எச்7-இல் பிஷப்பைப் பலி கொடுத்து வென்றாள். தருமபுரியில் நடந்த போட்டியில் அதே பலியைக் கொடுத்துத் தோற்றாள். கைப்பேசியில் எஞ்சினை (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) கேட்டால் முதலாவது சரி, இரண்டாவது பிழை என்கிறது. காரணம் சொல்வதில்லை. இரண்டு ஆட்டங்களையும் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு எப்படி விளக்குவது?

பதில்: ஐயா, ஆட்டங்களைக் குறித்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. ரேபிட் (குறுகிய நேர) போட்டிகளில் நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயமில்லை என்பதால் பெரும்பாலோர் எழுதுவதில்லை. பிறகு “நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது” என்பதோடு அலசல் முடிந்துவிடும். ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே நினைவிலிருந்து எழுதிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பள்ளியில் வென்ற ஆட்டம் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்கம் (காயின் பெயர் இல்லாத நகர்வு சிப்பாயுடையது): 1. இ4 இ6 2. டி4 டி5 3. குதிரை சி3 பிஷப் பி4 4. இ5 சி5 5. பிஷப் டி3 குதிரை இ7 6. குதிரை எஃப்3 காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது). ஏழாவது நகர்வில் பிஷப் எச்7 சிப்பாயைச் செக்குடன் வெட்டுகிறது. ராஜா பிஷப்பை எடுக்கிறது. எட்டாவதாகக் குதிரை ஜி5-க்கு வந்து மீண்டும் செக்.

இங்கே பலகையை அப்படியே நிறுத்துங்கள். பிள்ளைகளின் கண் எச்7-லேயே இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டிய கட்டம் ஜி5. அந்தக் குதிரையைக் கறுப்பில் யார் வெட்ட முடியும்? டி8-இல் இருக்கும் ராணிக்கு ஜி5 வரை சாய்வு வழி உண்டு, ஆனால் சொந்தக் குதிரையே இ7-இல் மறித்து நிற்கிறது. கறுப்பின் பிஷப் பி4-இல், பலகையின் மறுபக்கம். ஆக, குதிரையைத் தொட ஆளில்லை. ராஜாதான் ஓட வேண்டும்.

ஓடுவதற்கு முக்கியமாக மூன்று கட்டங்கள். எச்6-க்குப் போனால், குதிரை ஜி5-இலிருந்து இ6 சிப்பாயை வெட்டும். பின்னாலிருக்கும் சி1 பிஷப்பின் செக் திறக்கும். குதிரையின் பிடியில் டி8 ராணி. ராணி போயிற்று. ஜி8-க்குத் திரும்பினால் வெள்ளை ராணி எச்5-க்கு வந்து எச்7-இல் மேட் மிரட்டுகிறது. கறுப்பு யானையை இ8-க்கு நகர்த்தி வழி விட்டால், அவசரப்பட்டு உடனே எச்7-க்குப் போகக் கூடாது. முதலில் எஃப்7 சிப்பாயைச் செக்குடன் எடுத்துவிட்டு, எச்5, எச்7, எச்8 என்று செக் கொடுத்துக்கொண்டே ராஜாவை வெளியே இழுக்க வேண்டும். உங்கள் மாணவி இதைச் சரியாகவே செய்திருக்கிறார்.

மூன்றாவது கட்டம் ஜி6. தெரிந்த எதிராளி அங்கேதான் போவான், அலசலில் அதிக நேரம் செலவிட வேண்டியதும் அதற்குத்தான். ராணியை ஜி4-க்குக் கொண்டுவரலாம். அல்லது எச் சிப்பாயை எச்4-க்குத் தள்ளி, அடுத்து எச்5 செக் என்று மிரட்டலாம். இரண்டையும் பலகையில் காய்களைத் தொட்டுத் தொட்டு ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். பலி கொடுப்பதற்கு முன் ஜி6-க்கு ஒரு பதிலாவது மனதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது குருட்டுத் துணிச்சல்.

இப்போது தருமபுரி ஆட்டம்: 1. இ4 இ6 2. டி4 டி5 3. குதிரை சி3 குதிரை எஃப்6 4. இ5 குதிரை டி7 5. குதிரை எஃப்3 பிஷப் இ7 6. பிஷப் டி3 காஸ்லிங். மறுபடியும் எச்7-இல் பலி, ஜி5-இல் குதிரை. ராஜாவைச் சுற்றி எல்லாம் ஒன்று போலவே தெரிகிறது. முக்கியமான வித்தியாசம் ஒரே காய்தான்: கறுப்பின் பிஷப் இ7-இல் இருக்கிறது. ஜி5 குதிரையை அது சாவகாசமாக வெட்டிவிடும். வெள்ளை பிஷப் திருப்பி எடுத்ததும் கறுப்பு எஃப்6 ஆடுகிறது. ராணி எச்5-இல் செக், ராஜா ஜி8. இ சிப்பாய் எஃப்6-ஐ எடுக்க, டி7 குதிரை திருப்பி எடுத்துக்கொண்டே ராணியையும் மிரட்டுகிறது. பிஷப் அந்தக் குதிரையை வெட்ட, கறுப்பு ராணி அதை எடுத்துவிடும். எண்ணிப் பாருங்கள்: ஒரு சிப்பாய்க்காக ஒரு முழுக் காய் போய்விட்டது. தாக்க வெள்ளை ராணியைத் தவிர அருகில் யாருமில்லை.

இடையில் பிஷப்பை எச்6-இல் வைத்து ஒரு தந்திரம் இருக்கிறது. கறுப்பு ஜி சிப்பாயால் அதை எடுத்தால், ராணி ஜி6, எச்6 என்று மாறி மாறிச் செக் கொடுத்துச் சமன் செய்துவிடலாம். கறுப்பு எடுக்காமல் ராணியை இ8-க்கு நகர்த்தினால் தந்திரம் அதோடு சரி.

அப்படியானால் இந்த நிலையில் பலி எப்போதுமே தவறா? இல்லை. ஏழாவது நகர்வாக எச் சிப்பாயை எச்4-க்கு முன்னேற்றிவிட்டு, கறுப்பு கவனிக்காமல் சி5 ஆடுகிறது என்று வையுங்கள். இப்போது அதே பலி, அதே ஜி5 செக். பிஷப் குதிரையை வெட்டினால் எச் சிப்பாய் திருப்பி எடுக்கிறது, எச்1 யானைக்கு வழி திறந்து மீண்டும் செக். ராஜா ஜி8, ராணி எச்5, கறுப்பு எஃப்5 என்று ஓட்டை திறக்கிறது. உடனே சிப்பாய் ஜி6-க்கு ஏறி எஃப்7-ஐ அடைத்துவிடும். அடுத்து எச்8-இல் மேட். 17-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய ஆட்டக்காரர் கிரேக்கோ விட்டுச்சென்ற ஆட்டத்திலும் எச் சிப்பாய் எச்4-இல்தான் நிற்கிறது. யானை எச்1-இல் இருப்பதும் அவ்வளவு முக்கியம். நம் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் முதலில் காஸ்லிங் செய்துவிட்டுப் பிறகு பலியை யோசிக்கிறார்கள்; அதற்குள் யானை எஃப்1-க்குப் போய்விடுகிறது.

ஜி5-க்கு அடுத்தபடி எச்7-ஐக் கறுப்பு காக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். எஃப்6-க்கோ எஃப்8-க்கோ வரக்கூடிய குதிரை, பி1–எச்7 சாய்வில் வந்து அமரக்கூடிய பிஷப், இவற்றில் ஒன்று இருந்தாலும் தாக்குதல் பாதியில் நிற்கும். வெள்ளையின் இ5 சிப்பாய்க்கு மதிப்பு அதனால்தான். எஃப்6-ஐக் குதிரைக்கு மறுப்பது அது.

எஞ்சினைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். யாருக்கு எவ்வளவு சாதகம் என்று அது காட்டும் எண்ணை மாணவியிடம் முதலில் காட்ட வேண்டாம். கைப்பேசியை வைத்துவிட்டு, பலி வாங்கிய தரப்பில் அவரை உட்கார வையுங்கள், நீங்கள் வெள்ளை. தப்பிக்கும் வழியை அவரே தேடட்டும். சிக்கியதை எழுதிய பிறகு எஞ்சினைத் திறந்து ஒப்பிடலாம். எண் ஒன்றே தீர்ப்பு என்று நான் நினைக்கவில்லை. 1960 உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடிய தால், அப்போதைய சாம்பியன் போத்வின்னிக்குக்கு எதிராகக் குதிரையை எஃப்4-இல் பலி கொடுத்தார். அரங்கில் எழுந்த சத்தத்தால் ஆட்டத்தையே தனி அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. வெள்ளை தப்பியிருக்கலாம் என்று பிற்கால அலசல் காட்டியது. ஆனால் கடிகாரம் ஓடும்போது போத்வின்னிக்குக்கே அது அகப்படவில்லை. அந்த வகைப் பலி வேறு, ஒரே நகர்வில் உடையும் தருமபுரிப் பலி வேறு. எதிராளிக்கு எளிதாகத் தோன்றும் முதல் பதிலே சரியான பதிலாக இருந்தால் பலி கொடுக்கக் கூடாது என்று மாணவியிடம் சொல்லுங்கள். பிஷப் குதிரையை வெட்டுவது அப்படிப்பட்ட பதில்தான்.

அடுத்த வகுப்புக்கு எச்4 ஆடிய நிலையை வைத்து, கறுப்பின் ஏழாவது நகர்வைக் கேளுங்கள். எஃப்5 என்று யாராவது சொன்னால் சரியான விடை. டி3 பிஷப்பின் சாய்வு மூடிவிடுகிறது. வெள்ளை இ சிப்பாயால் அதைக் கடந்து எடுத்தால் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை உடனே வெட்டும் ‘ஆன் பசான்’ விதி) எஃப்6-க்கு ஒரு குதிரை வந்து நிற்கும். அப்போது பலியை மறந்துவிட்டுச் சாதாரண ஆட்டம் ஆட வேண்டியதுதான்.