அடிபடும் பெயர், நிலைக்கும் பெயர்

அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கோயம்புத்தூர் வாசகர்: ஒவ்வொரு அமெரிக்கத் தேர்தலிலும் துணை அதிபர் வேட்பாளர் இவரா, அவரா என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள் ஓடுகின்றன. இவற்றை எப்படித்தான் வடிகட்டுவது?

செய்தியில் பெயர் வருவதற்கும் பட்டியலில் பெயர் இருப்பதற்கும் சம்பந்தம் குறைவு. ஒரு பிரிவினரைத் திருப்திப்படுத்தவும், உழைத்தவருக்கு மரியாதை செய்யவும், ஆழம் பார்க்கவும் பிரசாரக் குழுவே பெயர்களைக் கசியவிடும். தன் பெயரைத் தானே ஓடவிடுபவர்களும் உண்டு. அதனால் ஒரு பெயர் எத்தனை முறை வந்தது என்று எண்ணாமல், எந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க முடியும் என்று பாருங்கள்.

முதல் சல்லடை அரசியல் சட்டம். வயது 35, பிறப்பால் குடியுரிமை, 14 ஆண்டு அமெரிக்க வாசம் ஆகிய மூன்றும் அதிபரைப் போலவே துணை அதிபருக்கும் வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் கலிபோர்னியா ஆளுநராக முடிந்தது. துணை அதிபராக முடியாது.

இரண்டாவது சல்லடைதான் பலர் கவனிக்காதது. அவர் இப்போது செனட்டராக (நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக) இருந்தால், அந்த இடம் காலியானதும் யார் கைக்குப் போகும்? பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் தற்காலிகமாக ஒருவரை நியமிப்பார். (அங்கே ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.) 2016-ல் ஹிலாரி கிளின்டனுக்காக எலிசபெத் வாரன், ஷெரட் பிரவுன், கோரி புக்கர் என்ற மூன்று செனட்டர்களின் பெயர்கள் பலமாக அடிபட்டன. மூவரின் மாநிலங்களான மாசசூசெட்ஸ், ஒஹையோ, நியூஜெர்சி மூன்றிலும் அப்போது ஆளுநர் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர். துணை அதிபர் பதவியைப் பிடித்து செனட் இடத்தைப் பறிகொடுக்கும் ஆபத்து மூன்று பேரிடமும் இருந்தது. கிளின்டன் தேர்ந்தெடுத்த டிம் கெய்னின் வர்ஜீனியாவில் ஆளுநர் சொந்தக் கட்சிக்காரர். தேர்வுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்கைப் போடாமல் எந்தக் கட்சியும் முடிவெடுப்பதில்லை.

இந்தச் சல்லடையைப் பிடிக்கும்போது மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசோனாவில் யார் ஆளுநராக இருந்தாலும், விலகியவரின் கட்சியைச் சேர்ந்தவரைத்தான் நியமிக்க வேண்டும். ஆகவே 2024-ல் அந்த மாநில செனட்டர் மார்க் கெல்லியின் பெயரை இந்தக் காரணம் சொல்லி நீக்க முடியாது.

எடிசன், நியூஜெர்சி வாசகி: இரண்டு பேரும் ஒரே மாநிலத்தவராக இருந்தால் போட்டியிடவே கூடாதாமே?

தாராளமாகப் போட்டியிடலாம். தடை தேர்வாளர்களுக்குத்தான் (மாநிலவாரியாகத் தேர்வாகி, அதிபருக்கும் துணை அதிபருக்கும் இறுதி வாக்கைப் போடுபவர்கள்). அரசியல் சட்டத்தின் 12-ஆவது திருத்தப்படி, ஒரு மாநிலத்தின் தேர்வாளர்கள் அதிபருக்கும் துணை அதிபருக்கும் போடும் இரண்டு வாக்குகளில் ஒன்றாவது வெளிமாநிலத்தவருக்குப் போக வேண்டும். அதாவது இருவரும் டெக்சாஸ்காரர்கள் என்றால் டெக்சாஸ் தேர்வாளர்கள் மட்டும் இருவருக்கும் வாக்களிக்க முடியாது. மற்ற மாநிலத் தேர்வாளர்களுக்குப் பிரச்சினை இல்லை.

சிறிய மாநிலமென்றால் இதைத் தாங்கிக்கொள்ளலாம், பெரிய மாநிலமென்றால் கஷ்டம். 2000-ல் அதிபர் வேட்பாளர் புஷ் டெக்சாஸ் ஆளுநர். அவர் துணையாக எடுத்த டிக் செனி தொழில் நிமித்தம் டல்லாஸில் குடியிருந்தார். அறிவிப்புக்குச் சில நாள் முன்பு செனி தன் வாக்காளர் பதிவைப் பழைய மாநிலமான வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். டெக்சாஸ் வாக்காளர்கள் மூவர் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்தத் தேர்தலில் அந்த அணி பெற்றது 271 தேர்வாளர் வாக்குகள், தேவை 270. டெக்சாஸின் 32 வாக்குகள் செனிக்கு விழாமல் போயிருந்தால் அவருக்கு 239தான். யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நிலையில் துணை அதிபரை செனட் தேர்ந்தெடுத்திருக்கும்.

2024-ல் மார்கோ ரூபியோ பற்றிய பேச்சு வந்தபோதும் இதே முட்டுக்கட்டைதான். ட்ரம்ப், ரூபியோ இருவரும் புளோரிடாவாசிகள். புளோரிடாவுக்கு 30 வாக்குகள். இப்படிப்பட்ட பெயர் வரும்போது, அவர் வீடு மாறத் தயாராக இருக்கிறாரா என்று பாருங்கள்.

மதுரை வாசகர்: துணை அதிபர் வேட்பாளர் தன் சொந்த மாநிலத்தை வாங்கிக் கொடுத்துவிடுவார் என்பது உண்மையா?

எல்லோரும் சொல்லும் உதாரணம் 1960. லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்ட கென்னடி, டெக்சாஸைச் சுமார் 46,000 வாக்கு வித்தியாசத்தில் பிடித்தார். அதை வைத்துக்கொண்டு இன்றுவரை கணக்குப் போடுகிறார்கள். மறுபக்கத்தைப் பாருங்கள்: 1988-ல் துணை அதிபர் வேட்பாளராக டெக்சாஸ் செனட்டர் பென்ட்சன் இருந்தும் டெக்சாஸ் கைநழுவிப் போனது. அதே நாளில் அதே மாநில மக்கள் அவரை மீண்டும் செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்! 1996-ல் ஜேக் கெம்ப் இருந்தும் நியூயார்க், 2004-ல் எட்வர்ட்ஸ் இருந்தும் வட கரோலினா, 2012-ல் பால் ரயன் இருந்தும் விஸ்கான்சின் கைக்கு வரவில்லை. மக்கள் வாக்களிப்பது முதல் பெயருக்கு.

2024-ல் கமலா ஹாரிஸ் பென்சில்வேனியா ஆளுநர் ஷபிரோவை எடுக்காததுதான் தோல்விக்குக் காரணம் என்பவர்களுக்கு ஒரு கூட்டல்: ஹாரிஸ் பெற்ற தேர்வாளர் வாக்குகள் 226, பென்சில்வேனியாவுக்கு 19, மொத்தம் 245. அந்த மாநிலம் மட்டும் வந்திருந்தாலும் 270-ஐத் தொட்டிருக்காது. அவர் எடுத்த வால்ஸின் சொந்த மாநிலமான மினசோட்டாவில் ஜெயித்தாலும், 2020-ல் 7 சதவீதப் புள்ளியாக இருந்த முன்னிலை 4 அளவுக்குச் சுருங்கியது.

'தெற்கு – வடக்கு, இளையவர் – மூத்தவர்' என்று தராசு பிடிப்பதும் கட்டாயமில்லை. 1992-ல் கிளின்டனும் அல் கோரும் பக்கத்துப் பக்கத்துத் தென் மாநிலத்தவர்கள், ஏறக்குறைய ஒரே வயது. 'புதிய தலைமுறை' என்று ஒரே செய்தியை இருவரையும் வைத்துச் சொன்னார்கள். 370 தேர்வாளர் வாக்குகள் வந்தன.

சென்னை வாசகி: பின்னணிச் சோதனை என்கிறார்களே, அதில் என்னதான் செய்வார்கள்? அதையும் மீறிக் குளறுபடி வருவது எப்படி?

முதல் சுற்று சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் நடக்கும். பேச்சு, வாக்களித்த விவரம், வழக்குகள், சொத்துப் பதிவுகள், பழைய பேட்டிகள், சமூக ஊடகப் பதிவுகள் என்று பொதுவெளியில் கிடைப்பதையெல்லாம் வழக்கறிஞர்கள் திரட்டிக் கோப்பாக்குவார்கள். தேறியவர்களிடம் மட்டும் சம்மதம் கேட்பார்கள். பிறகு நீண்ட கேள்விப் படிவம். பல ஆண்டு வருமான வரிக் கணக்கு, மருத்துவ ஆவணங்கள், வாழ்க்கைத் துணையின் தொழில், பிள்ளைகள் விவகாரம், வீட்டு வேலைக்கு வைத்தவருக்கு ஒழுங்காக வரி கட்டினாரா என்பது வரை கேட்பார்கள். அடுத்து, குழுத் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு நேரில் கேட்பார். எழுத்தில் வராதது அங்கே வரும். கடைசியாக அதிபர் வேட்பாளருடன் சந்திப்பு.

இதை முறையாகச் செய்யத் தொடங்கியது 1976-ல் ஜிம்மி கார்ட்டர். வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாட்டுக்குப் பல வாரம் முன்பே, தான்தான் வேட்பாளர் என்பது உறுதியானதால் அவருக்கு நேரம் இருந்தது. கடைசியில் தேர்வான மாண்டேல் உட்படச் சிலரைத் தன் ஊரான பிளெய்ன்ஸுக்கு வரவழைத்துப் பேசினார். முந்தைய தேர்தலின் அடி அப்படி.

1972-ல் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன், துணை அதிபர் வேட்பாளராக டெட் கென்னடி ஒப்புக்கொள்வார் என்று கடைசிவரை நம்பியிருந்தார். அவர் மறுத்தார், மற்றவர்களும் மறுத்தார்கள், மாநாட்டின் கெடு நெருங்கியது. செனட்டர் ஈகிள்டனிடம் 'மறைக்க வேண்டியது ஏதாவது உண்டா' என்ற அளவில் கேட்டுவிட்டு அறிவித்தார்கள். மனச்சோர்வுக்காக அவர் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும், மின் அதிர்ச்சி சிகிச்சை பெற்றதும் பிறகு வெளியே வந்தன. 18-ஆம் நாள் விலகினார். மன நோய்க்கு சிகிச்சை பெறுவது குற்றமல்ல, இழிவும் அல்ல. அதிபர் வேட்பாளருக்கே அது தெரியாமல் இருந்ததுதான் அந்த அணியைச் சாய்த்தது.

1984-ல் ஜெரால்டின் பெராரோ, பெரிய கட்சி ஒன்றின் முதல் பெண் துணை அதிபர் வேட்பாளர். சோதனை அவரோடு நின்றுவிட்டது. கணவரின் தொழில், வரிக் கணக்குகள் பற்றிய கேள்விகள் ஆகஸ்ட் மாதத்தையே விழுங்கின. 2008-ல் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான சேரா பேலினுக்கு 70-க்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட படிவம் கொடுத்தார்கள். ஆனால் ஆழமான சோதனைக்குக் கிடைத்தது சில நாட்கள்தான். ஆவணத்தை அலசினார்கள், தேசியப் பிரச்சினைகளில் தொலைக்காட்சிப் பேட்டியைச் சமாளிப்பாரா என்று போதிய அளவு பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு சோதனைகள்.

இப்போது இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. 2024-ல் ஜே.டி. வான்ஸ் பற்றி ட்ரம்ப் குழு தயாரித்த 271 பக்கக் கோப்பை இரானிய ஹேக்கர்கள் திருடி ஊடகங்களுக்கு அனுப்பினார்கள். எதிரிக்கு இதைவிட வசதியான குறிப்பேடு கிடைக்காது.

மன்னார்குடி வாசகர்: 2020-ல் கமலா ஹாரிஸ் தேர்வானதற்கு நம் மண்ணின் தொடர்பு காரணமா?

துளசேந்திரபுரம் அவருடைய தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். தர்மசாஸ்தா கோயிலில் ஊர் மக்கள் பூஜை நடத்தியது உங்களுக்குத் தெரிந்ததே. அந்தப் பெருமை நியாயமானது. தேர்வுக் கணக்கு வேறு. பைடன் 2020 மார்ச்சில் விவாத மேடையிலேயே 'பெண் ஒருவரைத் தேர்ந்தெடுப்பேன்' என்று சொல்லிப் பட்டியலைப் பாதியாக்கிவிட்டார். கட்சியின் முதுகெலும்பான கறுப்பின வாக்காளர்களின் எதிர்பார்ப்பு அதை மேலும் சுருக்கியது. கலிபோர்னியாவின் 55 வாக்குகள் எப்படியும் கட்சிக்குத்தான் என்பதால் மாநிலக் கணக்கே எழவில்லை. செனட் இடமும் பத்திரம். சொந்தக் கட்சி ஆளுநர் பிறகு அலெக்ஸ் படீயாவை நியமித்தார். மாநில அளவில் மூன்று தேர்தல்களில் ஜெயித்து, அதிபர் வேட்பாளர் போட்டியிலும் இறங்கியவர் என்பதால், பத்திரிகைகள் அவரை ஏற்கெனவே அலசி முடித்திருந்தன. அது பெரிய பலம்.

சிங்கப்பூர் வாசகர்: அறிவிப்புக்கு முதல் நாள் கிளம்பும் 'அறிகுறி'களில் எதை நம்பலாம்?

2004 ஜூலையில் அதிபர் வேட்பாளர் கெர்ரியின் விமானத்தில் எட்வர்ட்ஸ் பெயரை ஒட்டியிருப்பதைப் பிட்ஸ்பர்க் விமானக் கொட்டகையில் பார்த்த ஒருவர் இணையத்தில் எழுதினார், சரியாக இருந்தது. மறுநாள் காலை நியூயார்க் போஸ்ட் முதல் பக்கத்தில் தேர்வானவர் 'கெப்பார்ட்' என்று அச்சடித்து வந்தது, தவறு. 2008-ல் 'ஒபாமா – பே' (செனட்டர் எவன் பே) என்ற வண்டி ஸ்டிக்கர் அச்சாகிறது என்று கான்சாஸிலிருந்து செய்தி வந்தது, தேர்வானவர் பைடன். 2024-ல் ஹாரிஸின் முதல் கூட்டம் பிலடெல்பியாவில் என்றதும் ஷபிரோதான் என்று பலர் முடிவே கட்டினார்கள், மேடையேறியவர் வால்ஸ். கடைசிச் சுற்றில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பதாகையும் உரையும் தனித்தனியாகத் தயார் செய்வது வழக்கம் என்பதால், அச்சகத்தையும் ஊரையும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஓரளவு நம்பத்தக்கவை மூன்று. ரகசியப் பாதுகாப்புப் படை ஒருவர் வீட்டுக்குப் போவது. வேட்பாளரின் சொந்தக் கையெழுத்து: 2020 ஜூலை இறுதியில் பைடனின் குறிப்புத் தாளைப் புகைப்படக்காரர் படமெடுத்தார், ஹாரிஸ் பெயருக்குக் கீழே 'பகை பாராட்ட வேண்டாம்' என்று இருந்தது. மூன்றாவது, 'நீங்கள் இல்லை' என்ற தகவல். 2024 ஜூலை 15 அன்று பட்டியலில் இருந்த ரூபியோ, பர்கம் இருவருக்கும் அது சொல்லப்பட்ட செய்தி வந்த பிறகுதான் வான்ஸ் பெயர் வந்தது. இல்லை என்ற செய்தியைக் கசியவிடுவதால் யாருக்கும் லாபமில்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு அதிகம்.

திருச்சி வாசகி: அதிகாரமே இல்லாத அலங்காரப் பதவிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா?

துணை அதிபராக இருந்து, நடுவழியில் அதிபரானவர்கள் 9 பேர். எட்டுப் பேர் அதிபரின் மரணத்தால், ஃபோர்டு மட்டும் நிக்சனின் ராஜினாமாவால். ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாட்கள்தான். அணுகுண்டுத் திட்டத்தின் முழு விவரம் அதிபரான பிறகே அவருக்குச் சொல்லப்பட்டது. 1944-ல் மாநாட்டு அரங்கில் அப்போதைய துணை அதிபர் வாலஸைத் தள்ளிவிட்டு ட்ரூமனை எடுத்தவர்கள் உண்மையில் அடுத்த அதிபரைத்தான் எடுத்தார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலையைப் பார்த்த கட்சித் தலைவர்கள் பலருக்கு அது தெரிந்தே இருந்தது. மாநில வாக்கு, சாதுரியமான பேச்சு எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, நாளைக் காலையே இவர் அந்த நாற்காலியில் உட்காரத் தகுந்தவரா என்பதுதான்.

டொராண்டோ வாசகர்: இரண்டு முறை அதிபராக இருந்தவர் துணை அதிபர் ஆகலாமா?

அதிபராகத் தகுதியற்றவர் துணை அதிபராகவும் தகுதியற்றவர் என்கிறது 12-ஆவது திருத்தம். 22-ஆவது திருத்தமோ, இரண்டு முறைக்கு மேல் 'தேர்ந்தெடுக்கப்படக் கூடாது' என்று மட்டும் சொல்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, தேர்தலில் வெல்லாமல் வேறு வழியில் அதிபராவதற்குத் தடையில்லை, அதனால் துணை அதிபராகலாம் என்று சிலர் வாதாடுகிறார்கள். சட்டம் இயற்றியவர்களின் நோக்கத்துக்கு அது எதிரானது என்பது எங்கள் கருத்து. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதில்லை.

யாழ்ப்பாண வாசகர்: மாநாடு முடிந்த பிறகு ஆளை மாற்ற முடியுமா?

கட்சியின் தேசியக் குழு கூடி மாற்றலாம். 1972-ல் ஈகிள்டனுக்குப் பதில் ஷ்ரைவரை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நாள் போகப் போக வாக்குச்சீட்டுதான் தடையாகும். ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு அனுப்ப வேண்டும் என்பது மத்தியச் சட்டம். செப்டம்பர் பிற்பகுதிக்குப் பிறகு ஆளை மாற்றினாலும் அச்சான பெயரை மாற்ற முடியாது.

1912 அக்டோபர் 30 அன்று, தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கையில் துணை அதிபர் ஷெர்மன் இறந்தார். அவர் பெயர் சீட்டிலேயே இருந்தது. மக்கள் அதற்கே வாக்களித்தார்கள். அந்த அணி வென்றது 8 தேர்வாளர் வாக்குகள்தான். அந்த எட்டையும் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் நிக்கலஸ் மரே பட்லருக்குப் போட்டார்கள்.