பதினொரு பேருக்குப் பரிசு, கையில் காசு கொஞ்சம்

கேள்வி: பண்டிகைக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று பதினொரு பேருக்கு வருடாவருடம் பரிசு வாங்கிக் கொடுப்போம். இந்த வருடம் வீட்டில் ஒரே சம்பளம். அதனால் எல்லாவற்றையும் நானே கையால் செய்துவிடலாம் என்று சோப், வாசனை மெழுகுவத்தி, பின்னல் ஸ்கார்ஃப் என வீடியோக்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவதென்று தெரியவில்லை. தையல் சுமாராக வரும். கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். மகனுக்கு ஆறு வயது. அவன் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம். என் நாத்தனார் விலை பார்க்காமல் வாங்கிக் கொடுப்பவர். அவர் கையில் இதைக் கொடுத்தால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடுவாரோ என்றும் பயம். வீட்டு நிலைமையை எல்லோரிடமும் சொல்லிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாக அந்த வீடியோக்களை மூடி வையுங்கள். கையால் செய்தால் மலிவு என்பது பாதிதான் உண்மை. ஒரு மெழுகுவத்திக்கு ஆகும் மெழுகின் விலை சொற்பம்தான். ஆனால் அந்த முதல் மெழுகுவத்தி உருவாவதற்குள் தெர்மாமீட்டர், ஊற்றும் பாத்திரம், திரி, வாசனை எண்ணெய், கண்ணாடிக் குவளை என்று வாங்கி வாங்கிப் பர்ஸ் இளைத்துவிடும். மூன்று விதமான பொருள் செய்யக் கிளம்பினால் இதே கதை மூன்று முறை நடக்கும். மிச்சம் விழும் சாமான்கள் அடுத்த வருடம் வரை அலமாரியை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைவேலையில் காசு மிஞ்சும். இரண்டு மூன்று செய்த பிறகுதான் கையும் பழகும், பார்க்கவும் நேர்த்தி வரும்.

உங்கள் பட்டியலில் சோப்பை உடனே அடித்துவிடலாம். எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் கலந்து, அடுப்பில் காய்ச்சாமல் செய்யும் சோப்பை நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட உலர விட வேண்டும். உங்களிடம் இருப்பதே ஏழு வாரம். முதல் தடவை சொதப்பினால் இரண்டாவதுக்கு நாள் இல்லை. தவிர, காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பொசுக்கும் சாமான். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கிராம் கணக்குத் தவறாமல் செய்ய வேண்டிய வேலை. ஆறு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில், இரவில், அரைத் தூக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

மெழுகுவத்தி பார்க்க எளிது. திரியில்தான் சிக்கல். குவளையின் அகலத்துக்குத் திரி மெலிந்துபோனால் நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் மெழுகு உருகாமலே நின்றுவிடும். தடித்துப்போனால் புகைந்து கண்ணாடியில் கரி ஏறும். சரியான ஜோடியைக் கண்டுபிடிக்க நாலைந்தை எரித்துப் பார்க்க வேண்டும். சோயா மெழுகாக இருந்தால் வாசனை நன்றாகப் பிடிக்க ஊற்றிய பிறகு ஓரிரு வாரம் விட வேண்டும். நமக்கு உறுதியில்லாத ஒரு தீயை இன்னொருவர் வீட்டு மேஜையில் கொண்டுபோய் வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

ஸ்கார்ஃப் ஒருவருக்கு என்றால் அருமையான பரிசு. பழகாத கைக்கு ஒன்று முடியவே பத்துப் பதினைந்து மணி நேரம் ஆகும். அதைப் பதினொன்றால் பெருக்கிப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தையல் சுமார், கையெழுத்து அழகு. இந்த இரண்டும் சேருகிற இடம் கையால் தைத்த சின்ன நோட்டுப் புத்தகம். பதினொரு பேருக்கும் அதையே செய்யுங்கள்.

நோட்டா என்று முகம் சுளிக்காதீர்கள். வெற்று நோட்டு என்றால் நானும் சுளிப்பேன். அழகான வெற்று நோட்டில் எழுத யாருக்கும் மனசு வராது. மேஜை இழுப்பறையில் வருடக்கணக்கில் கிடக்கும். நான் சொல்வது, முதல் பத்துப் பக்கம் நீங்களே எழுதிக் கொடுக்கும் நோட்டு. நீங்கள் மட்டும்தான் எழுத முடியும் என்பதை எழுதுங்கள். கண் பார்வை மங்கிய மாமனாருக்குக் குடும்பத்தார் எல்லோருடைய போன் எண்களும் பிறந்தநாள்களும், பக்கத்துக்கு இரண்டே பேர் என்று கொட்டை எழுத்தில். அக்காவுக்கு, நீங்கள் இருவரும் சின்ன வயதில் வைத்துக்கொண்ட பட்டப் பெயர்கள், சண்டைகள், அம்மாவிடம் சொல்லாமல் மறைத்தவை. புதிதாகத் தனிக்குடித்தனம் போன தம்பிக்கு, சட்டையில் மை பட்டால் என்ன செய்வது, பட்டன் எப்படித் தைப்பது என்று உங்களுக்கே போன் போட்டுக் கேட்பவற்றின் பதில்கள். மகனைவிடச் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எழுத்தே வேண்டாம். பக்கத்துக்கு ஒரு அரைகுறைப் படம் வரைந்து, மிச்சத்தை அவர்களே வரையட்டும் என்று விடுங்கள்.

செய்முறைக்கு வருகிறேன். சாதாரண ஏ4 தாள் போதும். துணியைப் போலவே காகிதத்துக்கும் இழையோட்டம் உண்டு. ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். இழையோட்டத்தோடு மடித்தால்தான் நோட்டு அடங்கிப் படியும். குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்தாற்போல நின்று, புத்தகம் வாயைத் திறந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான ஏ4 தாள்களில் இழை நீளவாக்கில் ஓடும். அதனால் தாளை அப்படியே பாதியாக மடித்தால் குறுக்காகப் போய்விடும். முதலில் நடுவில் வெட்டி இரண்டாக்குங்கள். ஒவ்வொரு பாதியையும் மறுபடி நடுவில் மடித்தால் மடிப்பு இழையோடு சேர்ந்துவிடும், சட்டைப் பையில் வைக்கும் அளவும் கிடைக்கும்: 105 மி.மீ. அகலம், 148 மி.மீ. உயரம்.

இப்படி மடித்த 8 பாதித் தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 32 பக்க நோட்டு. ஒரு நோட்டுக்கு 4 ஏ4 தாள். பதினொன்றும், பழக ஒன்றும் சேர்த்து 48 தாள். 100 தாள் கட்டில் பாதிகூடக் காலியாகாது.

தைப்பதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள். இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். தைத்த பிறகு ஏழாம் பக்கத்தில் ஓர் எழுத்து பிசகினால் நோட்டே வீண். தைக்காமல் எழுதினால் ஒரு தாளோடு போயிற்று. தாள்களைச் செருகி வைத்து, பென்சிலால் மூலையில் பக்க எண் போட்டுக்கொண்டு, பிறகு பிரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் குழம்பும், ஏனென்றால் 1ஆம் பக்கமும் 32ஆம் பக்கமும் ஒரே தாளில் இருக்கும், 3ஆம் பக்கத்துக்கு ஜோடி 30. மை மறுபக்கம் ஊறுகிறதா என்று ஒரு துண்டுத் தாளில் பார்த்துவிட்டுப் பேனாவைத் தேர்ந்தெடுங்கள்.

அட்டைக்குத் துணி. கடைக்குப் போகவே கூடாது. உங்கள் மகன் வளர்ந்துவிட்டதால் போட முடியாத சட்டை, கிழிந்த தலையணை உறை, காலர் நைந்துபோன பருத்திச் சட்டையின் முதுகுப் பகுதி எல்லாம் சரிப்படும். பேரனின் சட்டைத் துணியில் அட்டை போட்ட நோட்டு உங்கள் மாமியாரிடம் போனால் அவர் அதைப் பத்திரப்படுத்துகிற விதமே வேறாக இருக்கும். துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பின்பக்கம் ஒரு மெல்லிய தாளை ஒட்டி ஓர் இரவு காய விடுங்கள். இந்தத் தாள் இல்லாமல் நேராக அட்டையில் ஒட்டினால் பசை துணி வழியே கசிந்து முன்பக்கம் பளபளப்பாகக் கறை விழும். அதற்கு மருந்தே கிடையாது.

பிறகு 218-க்கு 154 மி.மீ. அளவில் மெல்லிய அட்டை வெட்டி, துணியைச் சுற்றிலும் 15 மி.மீ. கூடுதலாக விட்டு ஒட்டி, ஓரங்களை உள்ளே மடித்து, மேலே ஒரு வண்ணத் தாள் ஒட்டி மறையுங்கள். வெள்ளைப் பசையைக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தடவினால் போதும். ஈரம் காயும்வரை கனமான புத்தகங்களின் அடியில் இருக்க வேண்டும், குறைந்தது ஓர் இரவு. அவசரப்பட்டு எடுத்தால் அப்பளமாக வளைந்துவிடும்.

தையலுக்கு மூன்றே துளை. அட்டையையும் தாள்களையும் சேர்த்து விரித்து, மடிப்புக் கோட்டில் நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி ஒவ்வொன்று, குத்தூசியால் போடுங்கள். 45 செ.மீ. தடித்த நூலை எடுத்து மெழுகுத் துண்டில் ஒரு முறை இழுத்தால் சிக்காது. உள்ளே இருந்து நடுத் துளை வழியாக வெளியே வந்து, மேல் துளையில் உள்ளே போங்கள். உள்பக்கமாகவே நடுத் துளையைத் தாண்டி, கீழ்த் துளையில் வெளியே வாருங்கள். மறுபடி நடுத் துளையில் உள்ளே. இப்போது நூலின் இரு முனையும் நடுவில், உள்ளே இருக்கும். நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக அவற்றை நிறுத்தி, அதைச் சேர்த்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். இழுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும். தையல் சுமாராக வருபவருக்கு இது தாராளம்.

பதினொன்றையும் ஒன்றொன்றாக முடிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க வெட்டுவதும் மடிப்பதும், இன்னொரு நாள் அட்டை ஒட்டுவது, மற்றொரு நாள் தையல் என்று வேலையைப் பிரியுங்கள். அதிக நேரம் பிடிப்பது எழுத்துதான். மூன்று நான்கு வாரத்தை அதற்கே ஒதுக்கி, இந்த வாரமே தொடங்குங்கள். மகனுக்கும் பங்கு உண்டு. காயும் அட்டைமேல் புத்தகம் அடுக்குவது ஆறு வயதுக்கு உற்சாகமான வேலை. கடைசிப் பக்கத்தில் அவன் படம் ஒன்று இருக்கட்டும். குத்தூசி மட்டும் அவன் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

நோட்டில் போட்டோ ஒட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வந்த படம் சுருங்கிய படம். எடுத்தவரிடம் அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். 6-க்கு 4 அங்குலம் தெளிவாக அச்சிட 1800-க்கு 1200 பிக்சல் இருந்தால் நிம்மதி. இந்தச் சின்ன நோட்டுக்கு அதில் பாதி அளவுப் படமே போதும். ஈரப் பசை வேண்டாம், படம் நெளியும். நான்கு மூலையிலும் காகித முக்கோணம் வைத்துச் செருகுங்கள்.

நோட்டைத் தொடவே மாட்டார் என்று உறுதியாகத் தெரிந்த ஓரிருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்கு வெடித்த கைக்கும் குதிகாலுக்கும் தடவும் தைலம் செய்யலாம். 20 கிராம் தேன்மெழுகு, 80 கிராம் சமையல் எண்ணெய். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, சின்ன டப்பாக்களில் ஊற்றினால் 15 கிராம் வீதம் ஆறு டப்பா வரும். ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் எண்ணெய், இளகலாக இருந்தால் மெழுகு கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீர் ஒரு துளியும் படக் கூடாது, பட்டால் கெட்டுப்போகும். என்ன எண்ணெய் என்று மூடியில் எழுதி ஒட்டுங்கள். கடலை, பாதாம் போன்றவை சிலருக்கு ஒவ்வாது.

கைவேலையை மதிக்கவே தெரியாதவர் யாராவது இருந்தால் அவருக்குக் கடையில் சின்னதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. மூன்று வாரத்து உழைப்பை அவர் காலடியில் கொண்டுபோய்ப் போடுவதைவிட அது மேல்.

நாத்தனார் அந்த ரகம் என்று உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் தாராளமாகக் கொடுப்பவர், அவ்வளவுதான். தாராளமாகக் கொடுப்பவர்கள் பதிலுக்குக் கணக்குப் பார்ப்பார்கள் என்பது பெரும்பாலும் வாங்குகிற நம் கூச்சம் சொல்கிற கதை. அவர் நோட்டில், அவர் உங்களுக்குச் செய்தவற்றை எழுதுங்கள்: பிரசவத்தின்போது வந்து இருந்தாரா, யாரும் இல்லாத நேரத்தில் உங்கள் பக்கம் பேசினாரா, தேதியும் இடமுமாக. அவர் மறந்திருப்பார். கொடுக்கும்போது “ஏதோ என்னால முடிஞ்சது அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். மன்னிப்போடு நீட்டினால் வாங்குகிறவர் பரிசைப் பார்க்க மாட்டார், உங்களைத் தேற்றத்தான் பார்ப்பார். “உங்களுக்குத்தான் அண்ணி” என்று கொடுத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

வீட்டு நிலைமையைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள், ஆனால் கதையாக வேண்டாம். “இந்த வருஷம் கொஞ்சம் கையைக் கடிக்குது, பரிசெல்லாம் நானே செய்யறேன், நீங்களும் எங்களுக்குப் பெரிசா எதுவும் வாங்காதீங்க, பையனுக்கு மட்டும் ஏதாவது போதும்” என்று உங்கள் பக்கம் நீங்களும், அவர் பக்கம் உங்கள் கணவரும் போனில் சொன்னால் போதும். அவர் பக்கத்து உறவுகளுக்கு அவரே சொல்வதுதான் முறை. அந்த வேலையையும் நீங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். தள்ளிப்போடாமல் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். நாத்தனார் அதற்குள் கடைக்குப் போய்விட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை.