நுகர்வோர் கேள்வி-பதில்: வால்வு எரிகிறது, பாட்டு வருமா?

கேள்வி: அப்பா மைக் செட் வைத்திருந்தார். கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடும் அவருடைய ஆம்ப்ளிஃபயர் முப்பது வருடமாகப் பரணில் கிடக்கிறது. வீட்டில் பாட்டு கேட்க ஆசை. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: செருகாதீர்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகங்கள்) காய்ந்திருக்கும். அவற்றைவிடப் பொல்லாதவை வால்வுகளுக்கு நடுவே நிற்கும் சின்னக் காகிதக் கண்டென்சர்கள். அவை கசிந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், அதற்குள்ளிருக்கும் உலோகத் தகடான பிளேட் சிவக்கும், கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். வால்வு போனால் வேறு வாங்கலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றித் தருபவரைத் தேடி அலைய வேண்டும்.

முதலில் கண்டென்சர்களை மாற்றச் சொல்லுங்கள். பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் எங்கோ ஷார்ட். எர்த் கம்பி இல்லாத பழைய வயரையும் மாற்றிவிடுங்கள். உள்ளே 300, 400 வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கும். மெக்கானிக் வேலையை மெக்கானிக்கிடமே விடுங்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு தனிநபரிடம் 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘சோதிக்கவில்லை’ என்று போட்டிருந்தார், ஆனால் படத்தில் வால்வு எரிந்தது. இங்கே ஒரே உறுமல். வழக்கு போடலாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: ‘சோதிக்கவில்லை’ என்பதைப் படித்துவிட்டுத்தானே பணம் அனுப்பினீர்கள்? வால்வு எரிந்தால் அதைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பி சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். விற்றவர் வியாபாரி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய்ப் பயனில்லை. உறுமல் பெரும்பாலும் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரின் வேலை, மெக்கானிக்கிடம் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பழுது பார்க்கக் கொடுத்தேன். பி.இ.எல். முத்திரை போட்ட நான்கு இ.எல்.84 வால்வுகள் இருந்தன. திரும்பி வந்தபோது எழுத்தே இல்லாத வேறு வால்வுகள். 9,500 ரூபாய் வாங்கினார்கள், பில் இல்லை. கேட்டால், “எல்லாம் போயிருந்தது சார்” என்கிறார்கள்.
– காட்பாடி வாசகர்

பதில்: வயிறு எரிகிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பெங்களூரில் 1961 முதல் தயாரித்த வால்வுகள் அவை. இன்று புதிதாகக் கிடைக்கும் இ.எல்.84 ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று வெளிநாட்டுச் சரக்குதான். அதனால்தான் பழைய பி.இ.எல். வால்வைக் கண்டால் சில கைகள் அரிக்கின்றன.

நான் ஓயாமல் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன். போயிருந்தாலும் அது உங்கள் பொருள். கழற்றிய கண்டென்சர், வால்வு, ஸ்விட்ச் எல்லாம் ஒரு கவரில் உங்கள் கைக்கு வர வேண்டும். கொடுக்கும்போதே ஒவ்வொரு வால்வின் எழுத்தும் தெரியப் படம் எடுத்து, பட்டியல் எழுதிக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். முகம் சுளித்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ‘பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும்’ என்பது ஊரெல்லாம் ஓதும் மந்திரம். செய்த சேவைக்கு பில் தராததை நேர்மையற்ற வணிக முறையில் சேர்க்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆகவே அவர்கள் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை ஐயா, உங்கள் கையிலிருந்த சாட்சியத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

ஆனாலும் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் இருக்குமே? கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். 1915 உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அசையவில்லையென்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கேள்வி: பின்பக்கம் 4, 8, 16 ஓம், 100 வோல்ட் என்று இருக்கிறது. என் வீட்டு ஸ்பீக்கர் 8 ஓம். எங்கே இணைப்பது?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: எட்டில். 100 வோல்ட் கூம்பு ஒலிபெருக்கிக்கு. ஸ்பீக்கர் இணைக்காமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: 6,000 ரூபாய்க்குப் புத்தம் புதிய வால்வு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: என் வீட்டில் ஒன்று இருக்கிறது, இலவசமாகவே தருகிறேன். வால்வைக் கழற்றிய பிறகும் சாக்கெட்டின் நடுத்துளையில் ஆரஞ்சு வெளிச்சம் எரிகிறது, கீழே எல்.இ.டி. பாடுவது ஒரு சிப். ‘தள்ளுபடிப் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்’ என்றார்கள். முழு வால்வு ஸ்டீரியோ என்றால் பவருக்கு ஒன்று, அவுட்புட்டுக்கு இரண்டு என்று வழக்கமாக மூன்று டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். சுலபமாக வந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.